இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் இரண்டு

ஆணியில் தொங்கிய சங்கிலி சூடாக இருந்தது.

அரக்காரர் தொட்ட கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். காலை ஏழு மணிகூட ஆகவில்லை. நான்கு நாளாக ஓயாமல் கொட்டிய மழை அப்போதுதான் விட்டிருந்தது. தாழ்வாரத்துத் தகரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, மரக்கிடங்கில் ஒரு மெஷினும் ஓடி நான்கு நாளாகிறது, ஊரே குளிரில் விறைத்துக் கிடக்கிறது, இந்தச் சங்கிலி மட்டும் இப்போதுதான் மரத்தை விட்டு எடுத்ததைப் போல எண்ணெய் கருகும் வாடையோடு தொங்கிக்கொண்டிருந்தது. மழுங்கிய சங்கிலிதான் அப்படிச் சூடேறும். வெட்ட முடியாமல் மரத்தைத் தேய்த்துத் தேய்த்துத் தானும் வெந்துபோகும்.

மரம் அறுக்கும் மெஷின் ரம்பங்களின் சங்கிலிகளைத் தீட்டுவதுதான் அவர் வேலை. கிடங்கின் கடைசியில், காட்டு ஓரத்தில் இருந்த அவருடைய வீட்டுத் தாழ்வாரமே பட்டறை. சுவரில் ஒன்பது ஆணிகள், ஆளுக்கு ஒன்று. மரவெட்டிகள் சாயங்காலம் காட்டிலிருந்து திரும்பும்போது மழுங்கின சங்கிலியை அவரவர் ஆணியில் மாட்டிவிட்டுப் போவார்கள். அவர் இருட்டுவதற்குள் அராவி அதே ஆணியில் மாட்டி வைப்பார். காலையில் அவர் எழுவதற்கு முன்பே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வாரக்கணக்கில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே இந்த வேலை நடக்கும். யார் சங்கிலி என்று தெரிவதற்கு ஒவ்வொன்றிலும் ஒரு கண்ணியில் பெயின்ட் பொட்டு வைத்திருந்தார். இது சிவப்புப் பொட்டு. நாலாவது பல்லில் ஒரு மூளி. சந்தேகமே இல்லை, மச்சினனுடைய சங்கிலி.

மச்சினன் காணாமல் போய் அன்றைக்கு ஐந்தாம் நாள்.

மழை தொடங்கிய அன்று காலையில் காற்றில் முறிந்து நின்ற ஒரு மரத்தை அறுக்கப் போனவன். தனியாகப் போகாதே என்று மேஸ்திரி படித்துப் படித்துச் சொல்லியும், இதோ போனேன் வந்தேன் என்று சிரித்துவிட்டுப் போனவன் திரும்பவில்லை. கிடங்கில் இருந்த அத்தனை பேரும் மழையில் நனைந்தபடி தேடினார்கள். ஓடையில் வெள்ளம் புரண்டதால் அந்தப் பக்கம் யாராலும் இறங்க முடியவில்லை. அரக்காரரின் மனைவி நான்கு நாளாக அடுப்புப் பற்றவைக்கவில்லை. அம்மா போன பிறகு இடுப்பில் தூக்கிச் சுமந்து அவள் வளர்த்த தம்பி அவன்.

சங்கிலியைப் பார்த்ததும் அவளுக்கு உயிர் வந்தது.

"தம்பியோட செயின்தானே இது?"

"அவனோடதுதான்."

"அப்போ வந்துட்டுப் போயிருக்கான். உயிரோடதான் இருக்கான். தீட்டி வைங்க. எடுக்க வருவான்ல?"

வந்தவன் ஏன் கதவைத் தட்டவில்லை என்று அவர் கேட்க வாயெடுத்தார். அவள் கண்ணைப் பார்த்த பிறகு கேட்க மனம் வரவில்லை. மேஸ்திரி திட்டுவார் என்று பயந்துகொண்டு எங்கேயாவது ஒளிந்திருப்பான் என்று அவளே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டாள். முட்டாள்தனமான காரணம்தான். ஆனாலும் அவருக்கும் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஏனென்றால் அவர் நெஞ்சில் யாருக்கும் தெரியாத முள் ஒன்று நான்கு நாளாகக் குத்திக்கொண்டிருந்தது.

சங்கிலியில் பக்கத்துக்குப் பதினெட்டுப் பற்கள். ஒரு பக்கத்தை முழுக்க அராவி முடித்துவிட்டு, பிறகு மறுபக்கம். பல்லுக்கு மூன்று தள்ளு. அரத்தை முன்னால் தள்ள வேண்டும், தூக்க வேண்டும், மறுபடி தள்ள வேண்டும். பின்னால் இழுக்கவே கூடாது, இழுத்தால் அரம் செத்துப்போகும். இரண்டு பக்கமும் ஒரே அளவு என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறைந்தால், ரம்பம் நேராக இறங்காமல் கூர்மையான பக்கமாகவே வளைந்து இறங்கும். அறுப்பவன் நினைத்த பக்கம் மரம் சாயாது. இருபது வருஷமாக அவர் கையால் போன சங்கிலி எதுவும் வளைந்து அறுத்ததாகப் பேச்சில்லை. ஆனால் மழைக்கு முந்தின நாள் படியில் சறுக்கி மணிக்கட்டு பிசகியிருந்தது. வலப்பக்கப் பற்களுக்குக் கையை உள்வாட்டமாக மடக்க வேண்டும், உயிர் போகிற வலி. இடப்பக்கத்துக்கு மூன்று தள்ளு போட்டவர், வலப்பக்கத்துக்கு இரண்டோடு நிறுத்திக்கொண்டார். ஒரு நாள்தானே, நாளைக்குச் சரிபண்ணிக்கொள்ளலாம் என்று மாட்டி வைத்தார். மறுநாள் காலையில் மச்சினன் அதை எடுத்துக்கொண்டு போனான்.

இப்போதும் கை குணமாகவில்லை. அன்றைக்கும் இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் இரண்டுதான் போட முடிந்தது. முடித்ததும் வழக்கம்போல் அரத்தைக் கவனித்தார். அரங்களை அவர் பார்த்துக்கொள்ளும் அழகைச் சொல்லி, மற்றவர்களைப் போல மாட்டிவிட்டுப் போகாமல் நின்று பார்க்கும் மச்சினன் கேலி செய்யாத நாளில்லை. "அக்காவுக்குத் தலைவலின்னா திரும்பிப் பார்க்க மாட்டாரு, அரத்துக்குத் தும்மல் வந்தா டாக்டரைக் கூப்பிடுவாரு" என்பான். உருண்டை அரம் ஒவ்வொன்றையும் கம்பி பிரஷ்ஷால் வரி வரியாகத் தேய்த்து, சாக்பீஸ் தடவி, எண்ணெய் படாத துணியில் தனித்தனியாகச் சுருட்டி உள்ளே எடுத்து வைத்த பிறகுதான் அவர் கை கழுவுவார். வெளியே ஓர் இரவு கிடந்த அரம் என்று அவரிடம் ஒன்றுகூட இல்லை. அன்று பிரஷ்ஷால் தேய்த்தபோது அரத்தின் வரிகளிலிருந்து இரும்புத் தூளோடு ஈரமண்ணும் வந்தது. மரம் அறுத்த சங்கிலியில் மரப்பால் இருக்கும், பிசின் இருக்கும். மண் எப்படி வந்தது என்று யோசித்தபடி அதைத் தட்டிவிட்டார்.

சங்கிலியை மாட்டிவிட்டு இருவரும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தார்கள். பாத்திரம் ஒன்று உள்ளே உருண்ட சத்தத்துக்கு இருவரும் ஒருமுறை திரும்பினார்கள், அவ்வளவுதான். பார்த்தால் ஆணி காலி. ஈரத் தரையில் காலடி இல்லை.

நண்பகலில் காட்டுக்குள் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. ஓடைப் பக்கமிருந்து, தொலைவிலிருந்து, ஒரே சீராக. பிறகு ஒரு பெரிய மரம் சாயும் ஓசை.

ஆட்கள் சத்தம் வந்த திசையில் விழுந்தடித்து ஓடினார்கள். புதிதாக அறுத்த அடிமரம் இருந்தது, சாய்ந்து கிடந்த மரம் இருந்தது, மரத்தூள் இன்னும் காற்றில் மிதந்துகொண்டிருந்தது. ஆள் மட்டும் இல்லை. மறுநாள் காலையில் சங்கிலி மறுபடி ஆணியில், மறுபடி சூடாக. அவர் தீட்டி மாட்டினார். அன்றைக்கு இரண்டு மரங்கள் சாய்ந்தன. அடுத்த நாள் நான்கு. முதல் மரத்தின் நுனி எங்கே விழுந்ததோ அங்கே நின்ற மரம் அடுத்து அறுபட்டிருக்கிறது, அதன் நுனி விழுந்த இடத்தில் அடுத்தது. விழுந்த மரத்தின் மேலேயே யாரோ நடந்து வருவதைப் போல.

"கோடு நேரா இல்லண்ணே," என்றார் மேஸ்திரி, தரையில் ஒரு குச்சியால் வரைந்து காட்டி. "ஒவ்வொரு மரமும் கொஞ்சம் கொஞ்சம் இடப்பக்கமா சாய்ஞ்சிருக்கு. அரிவாள் மாதிரி வளைஞ்சு வருது."

அரக்காரர் மேஸ்திரி வரைந்த வளைவின் நுனியைக் கண்ணால் நீட்டிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் வளைந்தால் அது இந்த வீட்டுக்கு வரும். வளையாவிட்டால் காட்டுக்குள்ளேயே, மலைக்கு அப்பால் போய்விடும்.

அன்று ராத்திரி அவர் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி சொன்னாள், அவனுக்கு வழி தெரியவில்லை போலிருக்கிறது, தலையில் அடிபட்டு எல்லாம் மறந்திருப்பான், வேலை மட்டும் நினைவிருக்கிறது, எப்படியாவது அவனை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள் என்று. அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் அவரிடம் எதற்கும் கும்பிட்டதில்லை. அவர் அந்தக் கைகளைப் பிடித்துப் பிரித்துவிட்டார். அவருக்கு அழுகை வந்தது.

காலையில் சங்கிலி வந்ததும், யாரிடமும் சொல்லாமல், இடப்பக்கத்துக்கு ஐந்து தள்ளு போட்டார். வலப்பக்கத்துக்கு ஒன்றுதான்.

இந்த முறை அது கை வலியால் வந்த பிசகு இல்லை. அவன் வரட்டும். எப்படி வந்தாலும் சரி, எந்தக் கோலத்தில் வந்தாலும் சரி, அவள் கண்ணால் பார்க்கட்டும். பிரஷ் போட்டபோது அரத்திலிருந்து மண் வரவில்லை. வெள்ளையாக ஏதோ மாவு போல வந்தது, அடைத்துப் பூட்டிய அறையில் ஈரத்துணி கிடந்த நாற்றத்தோடு. அவர் அதை விரலால் தேய்த்துப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை.

சங்கிலி போயிற்று. மரங்கள் சாயத் தொடங்கின. ஐந்து, ஆறு, ஏழு. ஒவ்வொன்றும் முன்னதைவிடக் கிட்டே. அவள் தலை வாரிக்கொண்டாள், ஒரு வாரத்துக்குப் பிறகு உலை வைத்தாள், தம்பியின் சட்டையை மடித்து நாற்காலியில் போட்டாள்.

சாயங்காலம் நான்கு மணிக்கு லாரி வந்தது. அரக்காரர் தாழ்வாரத்துப் பலகையில் அரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி இறங்கி வந்த நடையைப் பார்த்ததும் கையிலிருந்த அரம் தானாகப் பலகையில் விழுந்தது. பிரஷ், சாக்பீஸ், துணி எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு எழுந்தார்.

மேஸ்திரி மெல்லிய குரலில் சொன்னார். எல்லாரும் சத்தம் கேட்ட பக்கமே ஓடிக்கொண்டிருந்தோமே, இன்றைக்கு அந்தக் கோட்டைப் பின்பக்கமாகப் பிடித்துக்கொண்டு போனோம். அது தொடங்கிய இடம் ஓடைப் பள்ளம். வெள்ளம் வடிந்திருந்தது. அங்கே ஒரு மரம், முதல் நாள் அறுத்தது. அவன் அதற்கு அடியில் இருந்தான். முதல் நாளிலிருந்தே அங்கேதான் இருந்திருக்கிறான். லாரியில் தார்ப்பாய்க்கு அடியில் நீளமாக ஏதோ இருந்தது. அரக்காரர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"மெஷினை உள்ள வைங்க. போலீஸ் கேப்பாங்க," என்று மேஸ்திரி தூக்கிக் கொடுத்தார். சேறு அப்பிய மெஷின். அதில் சங்கிலி இருந்தது. செம்மண் நிறத்துக்குத் துருப்பிடித்து, ஒரு வாரம் யாரும் தொடாமல், அது சுற்றி ஓடும் கட்டை மேல் இறுகிப்போய். அரக்காரர் கட்டை விரலால் சேற்றை வழித்தார். சிவப்புப் பொட்டு. நாலாவது பல்லில் மூளி.

"அவன் கை பழக்கத்துக்கு மரம் அந்தப் பக்கம் சாயறதுக்கு வழியே இல்லண்ணே," என்றார் மேஸ்திரி. "ஏன் சாய்ஞ்சுதுன்னுதான் புரியல."

"வலப்பக்கம் நான் சரியா அராவல."

ஒரு வாரமாக நெஞ்சில் இருந்தது இவ்வளவு சின்ன வாக்கியம்தானா என்று அவருக்கே இருந்தது. மேஸ்திரி அவரையே பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. தோளில் கை வைத்துவிட்டு, ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு உங்களை அழைத்துப்போக லாரியைத் திருப்பி அனுப்புகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவளிடம் சொன்னபோது அவள் அழவில்லை. வாசலில் நின்று காட்டைக் காட்டினாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வேலிக்கு அப்பால், நூறடிகூட இருக்காது.

"செத்தவன் எப்படிங்க மரம் அறுப்பான்?"

அவர் அவளை இடுப்போடு பிடித்து உள்ளே இழுத்தார். கதவைச் சாத்தித் தாழ் போட்டார். ஜன்னலை அடைத்தார். வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. வாசலில் நின்ற ஒரே மரம், இருவரும் கல்யாணமான வருஷம் வைத்த மரம், அறுபடத் தொடங்கியது. சத்தம் சுவர் வழியாக வந்தது, தரை வழியாக உள்ளங்காலுக்கு ஏறியது, அலமாரித் தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று முட்டி நடுங்கின. பிறகு முறிவு. காற்று. தகரக் கூரையின் ஓரத்தை உரசிக்கொண்டு மரம் விழுந்து, அதன் நுனிக்கிளைகள் வாசல்படியில் வந்து படிந்தன.

மெஷின் நின்றது.

இலைகளை மிதிக்கும் சத்தம். மெதுவாக. தாழ்வாரத்துக்கு ஏறும் சத்தம்.

ஆணியில் சங்கிலி மாட்டும் கிணுக்.

அது அவருக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். இருபது வருஷமாகத் தினமும் சாயங்காலம் கேட்ட சத்தம். மாட்டியவர்கள் போய்விடுவார்கள். இது போகவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது. மண்ணின் வாடை கதவிடுக்கு வழியாக வந்தது.

"காத்துக்கிட்டு இருக்கான்," என்றாள் அவள், காதோடு. "தீட்டிக் குடுங்க. குடுத்தா உள்ள வருவான்."

அவர் தலையை ஆட்டினார். மாட்டேன். தீட்டினால்தானே அறுக்கும். தீட்டாவிட்டால் நிற்கட்டும், லாரி வரும்வரை நிற்கட்டும். மழுங்கின சங்கிலியால் இந்தக் கதவை என்ன செய்துவிட முடியும் என்று நினைத்தார். அப்படி நினைத்தபோதே சுவர்ப் பலகையைப் பார்த்தார். துணிச்சுருள்கள் வரிசையாக இருக்க வேண்டிய இடம் காலி.

அரங்கள் வெளியே இருந்தன.

பலகையில். கிட்டிக்குப் பக்கத்தில். பிரஷ்ஷோடு. இருபது வருஷத்தில் முதல் தடவை.

கிட்டியில் சங்கிலியை வைத்து இறுக்கும் கிறீச்சிடல் கேட்டது.

தள்ளு. தூக்கு. தள்ளு. தூக்கு. தள்ளு.

நல்ல கை. பின்னால் இழுக்கவில்லை. அவர் சொல்லிக்கொடுத்ததேயில்லை, ஆணிக்குப் பக்கத்தில் நின்று கேலி பேசிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அவரால் எண்ணாமல் இருக்க முடியவில்லை. பல்லுக்கு மூன்று. பதினெட்டுப் பல். இடப்பக்கம் முடிந்தது.

சங்கிலியைத் திருப்பும் சத்தம்.

வலப்பக்கம். ஒன்று. இரண்டு.

ஒரு நிமிஷம் ஒன்றுமே கேட்கவில்லை. இரண்டோடு நிற்கட்டும். வளைந்தே இறங்கட்டும், வளைந்து எங்கேயாவது போகட்டும்.

மூன்று.

அடுத்த பல். ஒன்று, இரண்டு, மூன்று. அடுத்தது. அவசரமே இல்லை. பதினெட்டும். வலப்பக்கத்தில் தேயாமல் மிஞ்சியிருந்ததை மறுபடி திருப்பி எடுத்து இடப்பக்கத்தோடு சமன் செய்தது. அவர் செய்யாமல் விட்ட வேலை முழுவதையும் அது அவருக்குக் கேட்கும்படி செய்து முடித்தது.

பிரஷ் தேய்க்கும் சத்தம். வரி வரியாக.

சாக்பீஸ்.

கதவுக்கு அடியில் இருந்த இடுக்கு வழியாக ஒரு துணிச்சுருள் உள்ளே வந்தது. அவள் குனிந்து எடுத்துப் பிரித்தாள். சுத்தமான அரம், வெள்ளை பூசிக்கொண்டு, ஈரம் படாமல். அடுத்த சுருள் வந்தது. அதற்கடுத்தது. ஒன்றும் குறையவில்லை.

"பாத்தீங்களா," என்றாள் அவள். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. "உங்கள மாதிரியே."

கூடத்து மூலையில் வைத்திருந்த துருப்பிடித்த மெஷின் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. வெளியே வேறொன்று உறுமிப் புறப்பட்டது.

அவர் அவள் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். அவள் வரவில்லை. இழுத்தார். பிசகிய மணிக்கட்டில் பலமில்லை. அவள் கையை உதறிக்கொண்டு கதவுக்கு நேரே போய் உட்கார்ந்தாள்.

கதவின் உச்சியில் ஒரு கோடு தோன்றியது. அது கீழே இறங்கத் தொடங்கியது. இடப்பக்கம் ஒரு மயிரிழை போகவில்லை. வலப்பக்கம் போகவில்லை. நூல் பிடித்த மாதிரி நேராக, அவள் நெற்றிக்கு நேராக இறங்கி வந்தது. அவள் முந்தானையை இரண்டு கையாலும் விரித்து ஏந்திக்கொண்டு, கொட்டுகிற மரத்தூளைச் சிந்தாமல் மடியில் வாங்கிக்கொண்டிருந்தாள்.